கம்மாக்கரைத் தெருவின் ஐம்பத்தேழு தாள்கள்

சாத்தனேந்தலில் நகல்கள் எல்லாம் தங்கள் அசலோடு ஒட்டிக்கொண்டது பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டு நாள் கேட்டார்கள், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அந்த ஊரில் அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது போல.

முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர் ஜெய்லானி பாய். கிரேஸ் டீச்சர் கொடுத்திருந்த அளவு ஜாக்கெட் விலாவில் கொஞ்சம் பிடிக்கிறது என்று சொன்னதால் அதை இரண்டு விரற்கடை பிரித்துவிட்டார். அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சர், அதைப் பார்த்துப் போன வருஷம் தைத்த, இப்போது தன் உடம்பில் இருந்த ஜாக்கெட்டின் விலாத் தையல் பிரிவதை உணர்ந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே கடைக்கு வந்து, "என்ன பாய், நான் போட்டிருக்கும்போதே பிரிக்கிறீங்களே" என்று கேட்டார். பாய் கையிலிருந்த ஜாக்கெட்டையும் டீச்சரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு விரற்கடையையும் திரும்பத் தைத்தார். டீச்சர் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வெளிவந்தன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்யப்பட்டிருந்தால், அது சாவியானாலும் சட்டையானாலும் காகிதமானாலும், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றுக்கு நடந்தது மற்றதற்கும் நடந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்த வீட்டில் முதல் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவியதும் ஐந்நூறு பத்திரிகைகளும் மஞ்சளாயின, எல்லாரும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் முதல் பத்திரிகையில் மாமன் பெயரை எழுதியதும் ஐந்நூறிலும் மாமன் பெயரே வந்துவிட்டதால், கடைசியில் அந்த வீட்டார் பெயரை அடித்துவிட்டு 'எல்லாரும் வாங்க' என்று எழுதினார்கள், எல்லாரும் போனார்கள், இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்தது. இறந்துபோன தாயின் படத்துக்கு ஒருவர் பொட்டு வைத்தார். திருப்பூரில் இருந்த அவருடைய தம்பி, பத்து வருஷமாகப் பேசாதவன், அன்றைக்கே போன் பண்ணி, "பொட்டு நடுவுல இல்லண்ணே, கொஞ்சம் எடதுபக்கம் தள்ளியிருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதான். இப்படி நல்லதும் கெட்டதும் கலந்தே வந்ததால் ஊர் பழகிக்கொண்டது. 'எதைத் தொடுமுன்னும் அதன் ஜோடி யாரிடம் இருக்கிறது என்று கேட்கவும்' என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதிப்போட்டார்கள், பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் கேட்கவில்லை.

ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் அங்கயற்கண்ணி, எல்லாருக்கும் அங்கை. முப்பத்து நாலு வயது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதற்கான புது மொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அங்கே எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று வருஷம் ஒரே கேள்விக்காகச் சண்டை போட்டார்கள்: ஒரு பெயரிடம் இருக்கும் பொருளை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால், அந்த ஒரே பொருளை இரண்டு பெயரும் பிடித்துக்கொள்வதா, இல்லை ஆளுக்கொன்றா? ஆளுக்கொன்று கொடுத்தால் இடம் வீண், ஒன்றையே எல்லாரும் பிடித்துக்கொள்ளட்டும் என்றது ஒரு கட்சி. அப்படிச் செய்த இடத்திலெல்லாம் எங்கோ ஒருவன் திருத்தியது எங்கோ ஒன்பது பேரைக் கவிழ்த்தது. அதைப் பார்த்துப் பயந்துபோன இன்னொரு கட்சி, அப்படியானால் எதையுமே யாருமே திருத்தக் கூடாது, பிறந்தது பிறந்தபடியே கிடக்கட்டும் என்றது. அங்கை மட்டும், "திருத்தட்டும், ஆனா அவங்கவங்களோடதத் திருத்தட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லிச் சொல்லித் தோற்றாள். வீட்டிலும் ராஜசேகர் என்ற கணவனிடம் அவள் சொன்ன எதுவும் எடுபடவில்லை. இரண்டு இடத்திலும் தோற்றுக்கொண்டே இருக்க மனசில்லாமல் ஒரே மாதத்தில் இரண்டையும் விட்டுவிட்டு, சாத்தனேந்தல் கம்மாக்கரைத் தெருவில் அம்மா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்குத் திரும்பி, முன்னறையில் ஜெராக்ஸ் மிஷினை வைத்தாள்.

அந்தத் தெருவில் ஐம்பத்தேழு வீடுகள். ஐம்பத்தேழுக்கும் மனைப்பட்டா உண்டு, எல்லாம் ஒரே பட்டியலில், வரிசை எண், பெயர், த/பெ அல்லது க/பெ, நான்கெல்லை என்று நாலு பக்கம். அசல் தாலுகா ஆபீசில் இருந்தது. நகல் ஒவ்வொரு வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருந்தது.

ஞானவடிவேல் என்பவர் கடைக்கு வந்து அந்தப் பட்டியலில் ஒரு காப்பி கேட்டபோது அங்கை யோசிக்கவில்லை. அவர் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மனை போட்டு விற்கிறவர், மெதுவாகப் பேசுகிறவர், எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் மாலையோடு வருகிறவர். "புது ரோட்டுக்கு அளக்குறாங்க தங்கச்சி, நம்ம தெரு ஜனங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பேசணும்ல" என்றார். அவள் நாலு பக்கத்தையும் எடுத்து, பின் அடித்து, கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பாண்டியம்மாள் பெட்டியைத் திறந்தபோது பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு இருந்தது. இன்னும் காய்ந்திருக்கவில்லை. எல்லா வீட்டுப் பட்டியலிலும் அதே இடத்தில் அதே பூச்சு. தாலுகா ஆபீசுக்கு ஓடினார்கள். அசலிலும் அதே பூச்சு. கிளார்க் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டர்ல இல்லையேம்மா" என்றார்.

"அது தெரியுதுங்க சார். நேத்து இருந்துச்சு."

"நேத்து இருந்ததுக்கு நான் என்ன பண்றது? இன்னைக்கு இல்ல."

அடுத்த பத்து நாளில் அவளோடு சேர்த்துப் பதினாலு பெயர்கள் போயின. யார் செய்கிறார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஞானவடிவேல் தன் ஆபீஸ் மேசையில் பட்டியலை விரித்து, வைட்னர் பாட்டிலைக் குலுக்கி, எல்லாரும் பார்க்கத்தான் பூசினார். தெருவே திரண்டுபோய்க் கேட்டபோது அவர் குரலை உயர்த்தவில்லை.

"இது யார் பேப்பர்? என் பேப்பர். காசு குடுத்து எடுத்தது. இது யார் வைட்னர்? என் வைட்னர். என் பேப்பர்ல நான் பூசுனா உங்களுக்கு எங்க வலிக்குது?"

போலீஸ்காரரைக் கூட்டிவந்தார்கள். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. காகிதம் ஞானவடிவேலுடையது என்பது உண்மைதான். அங்கைதான் கூட்டத்தின் பின்னால் நின்று உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. பட்டியலில் இல்லாதவர்கள் சித்திரை முடிவுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பதினாலு வீட்டுக் கதவிலும் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தெருச் சங்கத்தின் தலைவர் தவசியாண்டி, கிணறு வெட்டுகிறவர், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவர் ஒரு வேலை செய்தார். குவாரியிலிருந்து ஆள் உயரத்துக்குக் கருங்கல் பலகை ஒன்றை டிராக்டரில் கொண்டுவந்து தெரு முனையில் நிறுத்தி, மிச்சமிருந்த பட்டியலைப் பார்த்து எழுத்து எழுத்தாக உளியால் கொத்தினார். ஐந்து பகல் கொத்தினார். கடைசி எழுத்து விழுந்ததும் அந்தப் பட்டியல் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் காகிதம் கல்லுக்கு இறுகியது. பெட்டிகள் கனத்தன, தாலுகா ஆபீசின் மர அலமாரியில் ஒரு தட்டு ஒடிந்தது, அதன்மேல் ஞானவடிவேல் புதிதாகப் பூசிய வைட்னர் உலர்ந்த பறவை எச்சம்போலப் பொரிந்து உதிர்ந்தது. முன்பே போனவை மட்டும் திரும்பவில்லை, ஏனென்றால் அவை கல்லில் ஏறவே இல்லை. தெருவில் வெடி போட்டார்கள், நாற்பத்து மூன்று வீட்டார் கல்லுக்கு மாலை போட்டார்கள்.

பதினாலு வீட்டார் மாலை போடவில்லை. பாண்டியம்மாள் தன் பெயரையும் கொத்தச் சொல்லிக் கேட்டாள்.

"எடம் இல்லத்தா. ஒன்ன சேக்கணும்னா வரிசைய முழுக்க செதுக்கி எடுக்கணும். கல்லு கல்லாத்தான் இருக்கணும், அதுதான் நமக்குப் பாதுகாப்பு."

"எனக்கு என்ன பாதுகாப்பு சித்தப்பா?"

தவசியாண்டி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்த வாரமே அவருடைய பெரிய மகளைப் புருஷன் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள், இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள், வீட்டில் பாதியை அவள் பெயருக்கு எழுதிவைக்க அவருக்கு ஆசை. தாலுகா ஆபீசில் பேனாவை வைத்ததும் நிப்பு மடங்கியது. எதிர்வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பேர் சேர்க்க முடியவில்லை, மூன்றாம் வீட்டுப் பெரியவர் செத்தும் பட்டியலில் சாகவில்லை. நாற்பத்து மூன்று வீட்டாரும் இதையும் பழகிக்கொண்டார்கள். மாறாமல் இருப்பது நல்லதுதானே என்றார்கள், அழிவதைவிட.

அங்கை தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் கடைக்குச் சாமான் வாங்கப் போக வேண்டும். அதில் முப்பத்தோராவது வரி அவளுடையது: அங்கயற்கண்ணி, க/பெ ராஜசேகர். அம்மா செத்த வருஷம் பட்டா மாறியபோது அப்படி எழுதியிருந்தார்கள். அந்த வரியை மாற்ற அவள் ஏற்கனவே மனு கொடுத்திருந்தாள். இப்போது அது கல்லிலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்த பதினொரு மணிக்கு, தெருக்குழாயில் குடத்தோடு இருபது பேர் நின்றிருந்தபோது, அவள் தவசியாண்டியின் உளியையும் சுத்தியலையும் அவர் வீட்டு வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கல்லின் முன் நின்றாள்.

"ஏய், என்ன பண்ற?" என்று தவசியாண்டி ஓடிவந்தார்.

"என் வரிய எடுக்கிறேன் சித்தப்பா. பாண்டியம்மா மதினி இல்லாத எடத்துல நான் எதுக்கு? அதுவும் இன்னொருத்தன் பொண்டாட்டியா?"

"ஒன் வீடு போயிரும்த்தா."

"வீடு அங்கேயேதான் இருக்கு. வரிதான் போகுது."

கொத்தினாள். கைப்பழக்கம் இல்லாததால் மூன்று இடத்தில் விரலில் அடித்துக்கொண்டாள், கல்லில் ரத்தம் பட்டது, ஐம்பத்தேழு வீட்டுக் காகிதத்திலும் ரத்தம் பட்டது. வரி போனது. அவள் உளியைத் துடைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ஆனால் ஞானவடிவேலும் கேள்விப்பட்டார். வைட்னருக்கு அசையாத கல் இரும்புக்கு அசையும் என்பது அதுவரை அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. மறுநாள் பகலில் தெரு ஜனம் முழுக்க வேலைக்குப் போயிருந்த நேரம், கல் அறுக்கும் மிஷினோடு இரண்டு பேரை அனுப்பினார். அவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இழைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, கல்லைக் கண்ணாடிபோல் பளபளப்பாக விட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பெட்டிகளைத் திறந்தபோது நாலு பக்கமும் வெள்ளை. எழுத்தோடு கல்லின் கனமும் போயிருந்தது, காகிதம் காற்றில் பறந்தது.

அன்றைக்கு அங்கையின் வாசலில் தெருவே நின்றது.

"நீதான் அவனுக்கு வழி காட்டுன" என்றார் தவசியாண்டி. "மொதல்ல காப்பி எடுத்துக் குடுத்தவளும் நீதான்."

"ஆமா. ரெண்டும் நான்தான்" என்றாள் அங்கை. கட்டுப்போட்ட விரல்களோடு வாசற்படியில் நின்றாள், உள்ளே போகவில்லை. "நாப்பத்து மூணு பேரு உசுரும் ஒரே கல்லுல தொங்குனா, அந்தக் கல்லத் தொடுறதுக்கு ஒருத்தன் எப்பவும் வருவான் சித்தப்பா. நான் தொடலைன்னா வேற எவனாவது தொட்டிருப்பான். ஆனா தொட்டது நான். அத இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஒருத்தன் ஜெராக்ஸ் போர்டைப் பிடுங்கிப் போட்டான். ஜமாபந்திக்கு ஐந்து நாள் இருந்தது, தாலுகா ஆபீசில் வருஷத்துக்கு ஒருமுறை நிலக் கணக்கை நேரில் கேட்கும் நாள். அதற்குப் பிறகு தெருவை இடித்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கிரேஸ் டீச்சர் கேள்வித்தாள் நகல் எடுக்க வந்தார். எல்லாரும் அங்கையோடு பேசுவதை நிறுத்தியிருந்த நேரம், டீச்சர் மட்டும் பேசினார். பிள்ளைகள் பார்த்து எழுதுவதைப் பிடிப்பது இப்போது சுலபமாகிவிட்டது, ஒரு தாளில் சிவப்பு மையால் திருத்தினால் பார்த்து எழுதின தாள் தானே சிவக்கிறது என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு அங்கை. நேத்து ரெண்டு பிள்ளைங்க, எழுத்துக்கு எழுத்து ஒரே பதில். புள்ளி கமாகூட மாறல. பிடிச்சிட்டேன்னு ஒண்ணத் திருத்துறேன், இன்னொண்ணு சிவக்கவே இல்ல. ரெண்டும் தாங்களாவே யோசிச்சு எழுதியிருக்குங்க."

அங்கை மிஷினை நிறுத்தினாள். "ஒரே பதில். ஆனா வேற வேற தாள்."

"அதத்தான சொல்றேன்."

கேள்வித்தாளை அப்படியே போட்டுவிட்டு அவள் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனாள். "மதினி, ஒங்க வீட்டுக்குக் கெழக்கே என்ன இருக்கு?"

"என்னடி கேள்வி இது? கெழக்கே ஆவுடையம்மா வீடு."

"மேற்கே?"

"முனியசாமி கோயிலுக்குப் போற பாத. வடக்கே கம்மாக்கரை, தெக்கே தெருக்கொழா. எதுக்குடி?"

"இத எங்கயாச்சும் பாத்துச் சொல்றீங்களா?"

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து கூட்டிப் பெருக்குற எடம். இதுக்குப் பாக்கணுமாக்கும்."

பதினைந்து பேரோடுதான் கிளம்பலாம் என்று அங்கை நினைத்தாள், பதினாலு வீடும் தானும். ஜமாபந்தி அன்று காலை பஸ் நிறுத்தத்தில் தவசியாண்டி நின்றார், சலவை வேட்டி கட்டி, மூத்த மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் மற்றவர்கள் நின்றார்கள், மண் தூற்றினவளும் நின்றாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. "பஸ்ஸுல எடம் பத்தாது, நடந்தே போவோம்" என்று மட்டும் தவசியாண்டி சொன்னார். ஆறு கிலோமீட்டரும் நடந்தார்கள், நடக்க நடக்க ஒவ்வொருவரும் தன் கிழக்கையும் மேற்கையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார்கள், அது தேர் இழுக்கிறவர்கள் முணுமுணுப்பதுபோல ரோடு நெடுகக் கேட்டது.

தாலுகா ஆபீஸ் வளாகத்தில் பந்தல் போட்டிருந்தது. தாசில்தார் அம்மா நடு நாற்காலியில், பக்கத்தில் கிளார்க், முன்வரிசையில் ஞானவடிவேல், மடியில் தோல் பை.

"மனுவோட பட்டா நகல் இணைக்கணும்" என்றார் கிளார்க்.

"நகல் கிடையாது சார். ஆளுதான் வந்திருக்கோம்" என்றாள் அங்கை.

"ஆள வச்சு நான் என்ன பண்றது?"

"கேளுங்க. அவங்கவங்க சொல்லுவாங்க. சொல்றத எழுதுங்க, ஆளுக்கொரு தாள்ல. கார்பன் வைக்காதீங்க. முன்னால எழுதுனதப் பாக்காதீங்க. கேட்டு மட்டும் எழுதுங்க."

கிளார்க் தாசில்தாரைப் பார்த்தார். "ஐம்பத்தேழு தாளும்மா. பொழுது பத்தாது."

தாசில்தார் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், குழந்தைகளை, வெறுங்காலை. "பத்துற வரைக்கும் எழுதுங்க" என்றார்.

பாண்டியம்மாள் முதலில் வந்தாள். கிழக்கே ஆவுடையம்மாள் வீடு என்று தொடங்கி, கோயில் பாதை, கம்மாக்கரை, தெருக்குழாய் என்று நாலு திசையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், கிளார்க் எழுதினார். அடுத்து ஆவுடையம்மாள், மேற்கே பாண்டியம்மாள் வீடு என்றாள். ஒருவர் இன்னொருவரின் எல்லையாக, ஒவ்வொரு வாயிலிருந்தும் தெரு ஒரு வீடு நீண்டது. தவசியாண்டி தன் முறையில், "வீட்டுல பாதி எனக்கு, பாதி எம்மக ராமுத்தாயிக்கு, எழுதிக்கங்க" என்றார்; நிப்பு மடங்கவில்லை. இறந்த பெரியவரின் மகன், அப்பா போய்ட்டார் என்று சொல்லித் தன் பெயரைக் கொடுத்தான். பந்தலில் யாரோ விசும்பினார்கள், அந்தப் பெரியவர் அன்றைக்குத்தான் செத்ததுபோல.

முப்பதாவது தாள் எழுதும்போது ஞானவடிவேல் எழுந்தார். மெதுவாக மேசைக்கு வந்து, அடுக்கின் மேலிருந்த தாளை எடுத்து, தோல் பையிலிருந்து வைட்னரை எடுத்துக் குலுக்கி, வழக்கம்போலப் பூசினார். பூசிவிட்டு மற்றத் தாள்களைப் பார்த்தார். தாசில்தாரும் பார்த்தார். கூட்டமும் எட்டிப் பார்த்தது. மற்ற இருபத்தெட்டுத் தாளும் அப்படியே இருந்தன, கறுப்பு மையோடு. அவர் கையில் இருந்த ஒன்று மட்டும் வெள்ளையாயிருந்தது, கையிலும் வெள்ளை வழிந்திருந்தது. இத்தனை நாளும் ஒரு பெயர் அழிந்தால் அது எங்கும் அழிந்தது, எந்தத் தாளும் யார் கை என்று சொன்னதில்லை.

"அது ஆவுடையம்மா மகனோடது" என்றார் தவசியாண்டி. "டேய், திரும்ப வாடா."

அவன் திரும்ப வந்து நின்றான். "இன்னொரு தாள் எடுங்க சார்" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, ஞானவடிவேலைப் பார்த்து, "அழிங்கண்ணே, நான் சாயங்காலம் வரைக்கும் சொல்லுவேன்" என்றான். கூட்டத்திலிருந்து இன்னொரு குரல், "ஐம்பத்தேழு பாட்டில் வச்சிருக்கியா?" என்றது. ஞானவடிவேல் முதன்முதலாகக் குரலை உயர்த்தி, "என் வைட்னர்..." என்று தொடங்கினார்.

"தாள் என்னுது" என்றார் தாசில்தார் அம்மா. வாசலில் நின்ற போலீஸ்காரருக்கு இப்போது என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

ஐம்பத்தேழாவதாக அங்கை வந்தாள். வெயில் சாய்ந்து, கிளார்க்கின் விரல் வீங்கியிருந்தது. அவள் கிழக்கைச் சொன்னாள், மேற்கைச் சொன்னாள், வடக்கையும் தெற்கையும் சொன்னாள்.

"பேரு?"

"அங்கயற்கண்ணி."

"க/பெ?"

"இல்ல."

"அப்ப த/பெ?"

"அவரையும் நான் பாத்ததில்ல சார்."

"சரி, அந்த எடத்துல கோடு போட்டு விட்டுடுறேன்."

"கோடு வேண்டாம். காலியாவும் விடாதீங்க, காலி எடத்துல எவனாவது எதையாவது எழுதுவான்." கட்டு அவிழ்ந்த விரலைத் தாளின் மேல் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அவள் இழுத்துக் காட்டினாள். "என் பேரையே பெருசா எழுதுங்க, அந்த எடத்தையும் சேத்து."